அத்தியாயம் 7: கப்பலில் இலங்கை, கரையில் உங்கள் விருப்பம்

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. கப்பல் பயணம் என்றால் நம் பக்கத்து மனிதர்களுக்கு அது ஏதோ வெளிநாட்டுக்காரர்கள் சமாச்சாரம் என்று தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் சூலக்கரையிலிருந்து டவுன் பஸ்ஸில் விருதுநகர் ஜங்ஷன் போய், ராத்திரி ரயில் பிடித்தால் காலையில் சென்னை. அங்கே துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் ஏறினால், கடலில் ஓரிரு இரவுகள் கழித்துக் காங்கேசன்துறையிலோ திருகோணமலையிலோ இறங்கலாம். 2022 ஜூனில் கோர்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியது. 2023 ஜூன் 5 அன்று அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று இலங்கைத் துறைமுகங்களுக்குக் கிளம்பியது. 1990-இல் பிரான்சில் கட்டப்பட்ட கப்பல் அது. இந்தியாவுக்கு வருவதற்கு முன் ஸ்பெயின் நாட்டு நிறுவனம் ஒன்றின் கையிலும் சில வருடங்கள் ஓடியது.

இந்த அத்தியாயம் கப்பலுக்குள் என்ன சாப்பிடலாம், என்ன ஆட்டம் பார்க்கலாம் என்பதைப் பற்றியது அல்ல. அதைக் கப்பல்காரர்களே அழகாகச் சொல்லிவிடுவார்கள். துறைமுகத்தில் இறங்கிய பிறகு கப்பலின் சுற்றுலா பஸ்ஸில் ஏறாமல், நீங்களே வண்டி பேசி, நீங்கள் பார்க்க நினைத்ததைப் பார்த்துவிட்டு, நேரத்துக்குத் திரும்பி ஏறுவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

எந்த மாதம்?

சென்னையிலிருந்து கப்பல் ஓடுவது பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும்போது மும்பைப் பக்கம் ஓடும் கப்பல் இந்தப் பக்கம் வருகிறது. வழித்தடமும் தேதியும் வருடத்துக்கு வருடம் மாறும். எல்லாப் பயணமும் மூன்று துறைமுகத்துக்கும் போகாது. சில பயணங்கள் எந்தக் கரையையும் தொடாமல் நடுக்கடல்வரை போய்த் திரும்பிவிடும். பணம் கட்டுமுன் 'எந்தெந்தத் துறைமுகம், எத்தனை மணிக்கு வருகை, எத்தனை மணிக்குப் புறப்பாடு' என்று எழுத்தில் வாங்குங்கள்.

நம் ஊர்த் தொழிலோடு இந்த மாதங்கள் கொஞ்சம் மோதும். ஆடிப் பதினெட்டுக்குப் பூஜை போட்டு விற்பனை தொடங்கிவிட்டால் பட்டாசுக்காரர்களுக்குத் தீபாவளி வரை மூச்சுவிட நேரமில்லை. காலண்டர், டைரி அடிக்கும் அச்சகங்களுக்கும் ஆகஸ்டுக்கு மேல் அதே கதை. ஆகவே ஜூன் கடைசி, ஜூலை முதல் பாதி நமக்குப் பொருத்தம். தீபாவளி முடிந்து ஓய்வு கிடைக்கும்போது வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் படகும் மழைக்காலத்தில் நிறுத்தப்படும். அந்தப் படகு 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, சில நாளிலேயே மழையால் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கியது. கப்பல் தேதி ஒத்துவராதவர்கள் மார்ச், ஏப்ரலில் இந்தப் படகில் போய் யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் தங்குவது நல்ல மாற்று.

கிளம்புவதற்கு முன்: வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. கடவுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். பயணம் முடியும் நாளிலிருந்து இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இல்லாதவர்கள் இப்போதே விண்ணப்பியுங்கள். நம் மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. ஆதாரில் ஓர் எழுத்து, பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து என்று பெயர் மாறியிருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். காவல்துறை விசாரணைக்கு வரும்போது விண்ணப்பத்தில் எழுதிய முகவரியில் நீங்கள் இருக்க வேண்டும்.

2. இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதி. இதன் விதியும் கட்டணமும் சமீப வருடங்களில் பலமுறை மாறிவிட்டன. போன வருடம் போனவர் சொல்வதை நம்பாதீர்கள். இலங்கைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் சொந்த இணையத்தளத்தில் மட்டும் பாருங்கள். அதே முகப்போடு கூடுதல் காசு பிடுங்கும் போலித் தளங்கள் உண்டு. கப்பல் நிறுவனமே அனுமதி எடுத்துத் தருகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. அறை தேர்வு. வாந்தி மயக்கம் வரும் ஆட்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. நாள் முழுக்கக் கரையில் சுற்றப் போகிறவருக்குச் சன்னல் இல்லாத உள் அறையே போதும். மிச்சமாகும் பணம் கரையில் வண்டிக்கு ஆகும்.

4. மொத்தச் செலவைக் கேளுங்கள். விளம்பரத்தில் போடும் தொகை ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆவது. துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, பணியாளர் ஊக்கத்தொகை, இணையம், பானங்கள் தனி. வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு டிசிஎஸ் என்று வரி பிடித்தால் பான் எண்ணைக் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம்.

5. பணம். இந்திய ரூபாயை ஒருவர் 25,000 வரைதான் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகலாம். ஒரு நாள் கரைச் செலவுக்கு மட்டும் மாற்றினால் போதும். ஓர் இந்திய ரூபாய்க்குச் சுமார் மூன்றரை இலங்கை ரூபாய் என்று மனக்கணக்கு வைத்துக்கொண்டால் விலை கேட்டுப் பதறமாட்டீர்கள்.

6. ரயில் முன்பதிவு. கப்பல் நாளுக்கு முந்தின நாளே சென்னையில் இருங்கள். காலையில் எழும்பூரில் இறங்கி மதியம் கப்பல் ஏறலாம் என்பது தாளில் சரியாக இருக்கும். ரயில் நான்கு மணி நேரம் தாமதமானால் கட்டிய பணம் முழுக்கப் போகும்.

பட்டாசுப் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் ஒரு பாதுகாப்புக் குறிப்பு

இதை வேறு எந்த வழிகாட்டி நூலிலும் பார்க்கமாட்டீர்கள். அதனால் நிறுத்திப் படியுங்கள்.

துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் பையையும் கையையும் ஒரு சிறு துணியால் தடவி, அதை ஓர் எந்திரத்தில் வைத்துச் சோதிப்பார்கள். வெடிமருந்தின் கண்ணுக்குத் தெரியாத துகளையும் அது பிடிக்கும். வெடியுப்பு, பெர்குளோரேட் கலவை புழங்கும் பட்டாசு ஆபீஸுக்கு அன்றாடம் தூக்கிப்போகும் பையில் அந்தத் துகள் ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் குடோனுக்குக் கொண்டுபோகும் தோள்பையையே பயணத்துக்கும் எடுத்துப் போனார். எந்திரம் கத்தியது. அவரைத் தனியே உட்காரவைத்து, பையைத் தலைகீழாகக் கொட்டி விசாரித்துவிட்டுத்தான் விட்டார்கள். அவர் மனைவியும் பிள்ளைகளும் அதுவரை வெளியே நின்று தவித்தார்கள்.

- வேலைக்குப் போகும் பை, செருப்பு, சட்டை, பெல்ட் எதையும் பயணத்துக்கு எடுக்காதீர்கள். முடிந்தால் புதுப் பை. இல்லையென்றால் பட்டாசு வாசமே படாத பை.
- கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே மருந்துப் பக்கம் போவதை நிறுத்துங்கள். நகக்கண் வரை தேய்த்துக் கழுவுங்கள்.
- தொழில் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். எந்திரம் கத்தினால் பதற்றப்படாமல் 'பட்டாசுத் தொழிலில் இருக்கிறேன்' என்று முதல் கேள்விக்கே சொல்லிவிடுங்கள்.
- ஒரு மத்தாப்புப் பெட்டிகூட, சாம்பிள்கூட, பிள்ளைகள் விளையாடும் பொட்டு வெடிகூட வேண்டாம். தீப்பெட்டி, சூடம், ஊதுபத்தியையும் வீட்டில் வைத்துவிடுங்கள். கோயிலில் கொளுத்த வேண்டுமென்றால் கோயில் வாசலில் வாங்கிக்கொள்ளலாம்.

சாத்தூர்ச் சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கொண்டுபோக ஆசைப்படுவீர்கள். கடையில் சீல் வைத்த பாக்கெட் என்றால் கப்பல்காரர்களிடம் கேட்டு எடுத்துப் போகலாம். வீட்டில் கட்டிய புளியோதரையை வாசலிலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். அதை ரயிலிலேயே சாப்பிட்டு முடியுங்கள்.

கப்பல் ஏறிய முதல் மூன்று மணி நேரம்

1. அவசரகாலப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு கட்டாயம் போங்கள். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி: அது கேட்டால் உங்கள் கூடும் இடம் எது, எந்தப் படிக்கட்டு என்று நடந்தே பார்த்துவிடுங்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையோரம் பாறையில் மோதிய 'கோஸ்தா கொன்கோர்டியா' கப்பலில் 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறியவர்களுக்குப் பயிற்சி மறுநாள் என்று வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்த வேண்டும் என்று உலக விதியை மாற்றினார்கள். பட்டாசு ஆலையில் ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதி எதற்கு என்று தெரிந்த ஊர் நம்முடையது. அந்தப் பயிற்சியின் அருமையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

2. செல்பேசியை விமான நிலைக்கு மாற்றுங்கள். கரை மறைந்ததும் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைத் தானே பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்த பிறகுதான் பில் தெரியும்.

3. வாந்தி மாத்திரையை வயிறு கலங்குவதற்கு முன் போட வேண்டும். கலங்கிய பிறகு போட்டால் அது நிற்காது. எந்த மாத்திரை என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கி வாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் கேட்காமல் எதையும் போடக் கூடாது. ஆவணி வரை இலங்கையின் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். அம்பாந்தோட்டை இருக்கும் தெற்குக் கடல் இந்த மாதங்களில் ஆட்டும்.

4. தினமும் இரவு அறைக்கு ஒரு நிகழ்ச்சித் தாளோ செயலியில் அறிவிப்போ வரும். அதில் மூன்று விஷயங்களைக் கண்டுபிடியுங்கள்: எத்தனை மணிக்கு இறங்கலாம், கடைசியாக எத்தனை மணிக்குள் ஏறிவிட வேண்டும், துறைமுக முகவரின் தொலைபேசி எண். மூன்றையும் செல்பேசியில் படமெடுத்து, காகிதத்திலும் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள்.

பின்னோக்கிக் கணக்கு

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். காலை இறங்கும் நேரத்திலிருந்து திட்டம் போடாதீர்கள். கடைசியாக ஏற வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

மாலை 4 மணிக்குள் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

1. அதிலிருந்து ஒன்றரை மணி நேரம் கழியுங்கள். துறைமுக வாசலுக்கு 2.30-க்கு வந்திருக்க வேண்டும். வாசலிலிருந்து கப்பல்வரை சோதனையும் வரிசையும் இருக்கும்.
2. நீங்கள் போன இடத்திலிருந்து வாசலுக்கு வர ஒரு மணி நேரம் என்றால் 1.30-க்கு அங்கிருந்து கிளம்ப வேண்டும்.
3. காலை 8-க்குக் கப்பல் நின்றாலும் 8-க்கு இறங்க முடியாது. குடிவரவு முடிந்து வாசலுக்கு வெளியே வர 9.15 ஆகும் என்று வையுங்கள்.
4. போக ஒரு மணி நேரம். ஆக 10.15 முதல் 1.30 வரை. உங்கள் கையில் இருப்பது மூன்றேகால் மணி நேரம்.

முழு நாள் கிடைக்கும் என்று நினைத்தவருக்கு இந்தக் கணக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் மூன்றேகால் மணி நேரத்தில் ஓர் இடத்தை நிதானமாகப் பார்க்கலாம். நான்கு இடத்தைப் பார்க்க நினைத்தால் காருக்குள் உட்கார்ந்திருப்பதுதான் மிஞ்சும்.

அடுத்த விதி: தூரத்தில் இருப்பது முதலில், துறைமுகத்தை ஒட்டியது கடைசியில். வழியில் தாமதமானால் கடைசி இடத்தை விட்டுவிட்டு நேரே கப்பலுக்குப் போகலாம். இதை மாற்றிச் செய்தவர்கள்தான் கப்பலைத் தவறவிடுகிறவர்கள்.

குறிப்பு: சிறிய துறைமுகங்களில் கப்பல் கரையை ஒட்டாமல் ஆழத்தில் நங்கூரமிட்டு, சின்னப் படகில் ஆட்களை இறக்குவதும் உண்டு. அப்படியானால் போகவும் வரவும் தலா முக்கால் மணி நேரம் கூடுதலாகக் கழியுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் படகிலிருந்து ஏறி இறங்க முடியுமா என்று முதல் நாளே ஊழியர்களிடம் கேளுங்கள்.

காங்கேசன்துறை

தனியாகச் சுற்றுவதற்கு மூன்றில் இதுதான் மிக எளிது. மொழி நம் மொழி. பக்கத்திலுள்ள மாவிட்டபுரம் முருகன் கோயிலின் தலபுராணத்தின்படி, சிதம்பரத்திலிருந்து கொண்டுவந்த காங்கேயன் திருவுருவம் இறங்கிய துறை என்பதால்தான் இதற்கு இந்தப் பெயர்.

யாழ்ப்பாணம் நகரம் தெற்கே இருபது கிலோமீட்டருக்குள். போரில் அழிந்த ரயில் பாதையைச் சீரமைத்து 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை மறுபடி ரயில் விட்டார்கள். பஸ்ஸும் உண்டு. ஆனால் ஒரு நாள் பயணிக்கு நான் சொல்வது ஆட்டோ அல்லது வேன். பஸ் நேரத்தை நம்பிக் கப்பலைப் பணயம் வைக்க வேண்டாம். கீழே உள்ள எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைக்காமல், உங்கள் பின்னோக்கிக் கணக்குக்கு அடங்குவதை மட்டும் இந்த வரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் நல்லூர் கந்தசுவாமி கோயில். மதியம் நடை சாத்துவதற்குள் போய்ச் சேருங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கழற்ற எளிதான சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் வாக்கில் 25 நாள் திருவிழா. அந்த நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வண்டி விடமாட்டார்கள். நடந்து போவதற்கு அரை மணி நேரம் கூட்டுங்கள்.

2. அடுத்து பொது நூலகம். 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்டதில் சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலான இடம். இன்று எழுந்து நிற்கும் வெள்ளைக் கட்டடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறார்கள். பார்வையாளர் நேரத்தைக் கேட்டுப் போங்கள். உள்ளே குரல் எழுப்பாதீர்கள், படிப்பவர்களைப் படமெடுக்காதீர்கள். எனக்கு இந்த ஊரில் ஒரே ஒரு மணி நேரம்தான் என்று யாராவது சொன்னால் இங்கேதான் வருவேன்.

3. எதிரே நடந்தால் போர்த்துக்கீசியர் கட்டி ஒல்லாந்தர் பெரிதாக்கிய கோட்டை. வெயில் கடுமை, அரை மணி நேரம் போதும்.

4. மதியச் சாப்பாட்டை நகரத்திலேயே முடியுங்கள். ஒடியல் கூழ் கிடைத்தால் விடாதீர்கள். அதில் மீன், நண்டு, இறால் எல்லாம் விழும் என்பதால் சைவர்கள் கேட்டு வாங்க வேண்டும். தேநீருக்கு 'தேத்தண்ணி' என்று கேளுங்கள். பால் இல்லாததுதான் 'பிளேன்டீ'. 'கதைப்பம்' என்றால் பேசலாம் என்று அர்த்தம்.

5. திரும்பும் வழியில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். நேரம் இருந்தால் கடலோரமாகக் கீரிமலை. ஊற்று நீர் நிரம்பும் கேணியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. ஈழத்தின் பஞ்ச ஈச்சரங்களில் ஒன்றான நகுலேசுவரம் அதை ஒட்டியே இருக்கிறது. இரண்டும் துறைமுகத்துக்குப் பக்கம்; அதனால்தான் கடைசியில் வைத்தேன்.

பாதுகாப்பு: காங்கேசன்துறையைச் சுற்றிய நிலம் பல வருடம் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. புதர் மண்டிய வெறும் நிலத்தில், இடிந்த வீடுகளுக்குள் கால் வைக்காதீர்கள். சிவப்பு எச்சரிக்கைப் பலகை இருந்தால் படம்கூட எடுக்காமல் விலகுங்கள். ராணுவ, கடற்படை முகாம்களையும் சீருடையாளர்களையும் படமெடுக்கக் கூடாது. அங்கே வீடுகளை இழந்த மக்களிடம் போரைப் பற்றி நீங்களாகத் துருவிக் கேட்காதீர்கள். அவர்கள் சொன்னால் கேளுங்கள்.

திருகோணமலை

இயற்கைத் துறைமுகம், உள்ளே வரும்போதே மேல்தளத்துக்குப் போய் நின்று பாருங்கள். இறங்குதுறை நகரத்தை விட்டு விலகி இருக்கலாம். எந்த இறங்குதுறை, அங்கிருந்து நகரத்துக்கு இலவச வண்டி உண்டா என்று முதல் நாள் இரவே கேளுங்கள்.

ஒரே இடம் என்றால் திருக்கோணேசுவரம். சம்பந்தர் பாடிய தலம். பழைய கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்து, அந்தக் கல்லையும் கொண்டு கோட்டை கட்டினார்கள். இப்போதும் அந்தக் கோட்டை வாசல் வழியாகத்தான் சுவாமி மலைக்கு ஏற வேண்டும். உள்ளே புள்ளிமான்கள் திரியும். மான்களுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். உச்சியில் இராவணன் வெட்டு என்னும் செங்குத்துப் பிளவு. தடுப்பைத் தாண்டிப் படமெடுக்க யாரையும் விடாதீர்கள்.

குளிக்க ஆசையுள்ளவர்கள் கன்னியா போகலாம். வேறு வேறு சூட்டில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். நகரத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் அளவில். கன்னியாவை முதலில் முடித்துக் கோணேசுவரத்துக்கு வந்தால் நடை சாத்திவிடும் ஆபத்து உண்டு. தூரத்து இடம் முதலில் என்ற விதியை இங்கே மட்டும் மீறிக் கோயிலுக்கு முதலில் போங்கள்.

நிலாவெளி கடற்கரை, அங்கிருந்து படகில் புறாத்தீவு: அழகுதான். ஆனால் கோயிலையும் தீவையும் ஒரே நாளில் கோக்க முயலாதீர்கள். தீவுக்குப் போகிறவர்கள் பவளப்பாறையை மிதிக்கக் கூடாது. உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறக் கூடாது.

அம்பாந்தோட்டை

துறைமுகத்தை ஒட்டி நடந்து பார்க்க அதிகம் இல்லை. நம் ஆட்கள் இங்கே இறங்குவது கதிர்காமத்துக்காக. தூரம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று முன்பின். பின்னோக்கிக் கணக்கில் எட்டு மணி நேரமாவது கப்பல் நின்றால் மட்டும் தனியாகப் போங்கள். அதற்குக் குறைவு என்றால் கப்பலின் சொந்தச் சுற்றுலாவிலேயே போய்விடுங்கள். காரணம் இதுதான்: கப்பல் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்கள் தனியாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது.

கதிர்காமத்தில் நம் ஊர் முருகன் கோயிலை எதிர்பார்க்காதீர்கள். மூலவர் சிலை கிடையாது, திரைக்குத்தான் பூசை. பூசை செய்கிறவர் கப்புறாளை என்னும் சிங்களப் பூசகர். மாணிக்க கங்கையில் கால் நனைத்து, பழத்தட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நில்லுங்கள். இங்கே பெரும்பாலும் சிங்களம். 'கீயத' என்றால் எவ்வளவு; 'வராய' என்றால் துறைமுகம். ஓட்டுநரிடம் 'வராய' என்ற சொல்லோடு நேரத்தை எழுதிக் காட்டுங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படமெடுப்பது இலங்கையில் குற்றமாகவே கொள்ளப்படும்.

வண்டி பேசும் முறை

1. துறைமுக வாசலுக்குள் அணுகுகிறவரிடம் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். வாசலுக்கு வெளியே மூன்று பேரிடம் கேளுங்கள்.
2. 'ஓர் இடத்துக்கு' என்று பேசாமல், 'இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை, இந்த இடங்கள், காத்திருப்பு உட்பட, இலங்கை ரூபாயில் இவ்வளவு' என்று பேசுங்கள். தாளில் எழுதிக் காட்டுங்கள்.
3. வண்டி எண்ணைப் படமெடுத்துக் கப்பலில் இருக்கும் உறவினருக்கோ ஊருக்கோ அனுப்புங்கள்.
4. முன்பணம் கேட்டால் பெட்ரோலுக்கு மட்டும் கொடுங்கள். மீதியைத் திரும்பி வந்து இறங்கிய பிறகு கொடுங்கள். திரும்பும் வண்டி உறுதியாவது இதனால்தான்.
5. 'வழியில் ஒரு ரத்தினக் கடை, சும்மா பார்க்கலாம்' என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

நம் பெண்கள் கல்யாணத்துக்குப் போவதுபோல நகை போட்டு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். தாலிச் சங்கிலி போதும். மீதி ஊரிலேயே பெட்டியில் இருக்கட்டும். திரும்பும்போது சுங்கத்தில் விளக்கம் சொல்லும் வேலையும் மிச்சம்.

கப்பல் போய்விட்டால்

உட்கார்ந்து அழ வேண்டாம். சட்டைப் பையில் எழுதி வைத்த துறைமுக முகவர் எண்ணுக்கு முதலில் பேசுங்கள். அடுத்த துறைமுகத்தில் ஏற முடியுமா என்று அவர் சொல்வார். காவல்துறை 119, ஆம்புலன்ஸ் 1990. யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் இந்தியத் துணைத் தூதரகங்கள் இருக்கின்றன. திருகோணமலையில் நின்றுவிட்டால் கொழும்பில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் பேசுங்கள். காங்கேசன்துறைக்குப் பக்கத்திலேயே பலாலியில் விமான நிலையம். அங்கிருந்து சென்னைக்கு விமானம் உண்டு. சில கப்பல்களில் கடவுச்சீட்டை அவர்களே வாங்கி வைத்துக்கொண்டு அட்டை மட்டும் தருவார்கள். அப்படியானால் கடவுச்சீட்டின் நகல், பயண அனுமதியின் நகல், ஒரு வங்கி அட்டை, ஒரு நாள் மாத்திரை, நான்கும் இல்லாமல் கரையில் கால் வைக்கக் கூடாது.

இதைச் செய்துவிட்டால் மத்தியதரைக் கடல்

பார்சிலோனா, மார்செய், நேப்பிள்ஸ் என்று போகும் கப்பல்களுக்கும் இதே பின்னோக்கிக் கணக்குதான். மாறுவது சில விஷயங்கள். மேற்கு மத்தியதரைக் கடலில் தீபாவளிக்குப் பிறகும் கப்பல் ஓடுகிறது. கூட்டமும் கட்டணமும் அப்போது குறைவு. பட்டாசுக்காரர்களுக்கு அது பொருத்தம்.

ஷெங்கன் விசா எடுங்கள்; வழியில் துனிசியா, துருக்கி போன்ற நாடுகள் இருந்தால் பலமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வாரம்வரை தள்ளாதீர்கள்.

இலங்கைக்கும் நமக்கும் ஒரே மணி. ஐரோப்பாவில் கப்பல் கடிகாரமும் கரைக் கடிகாரமும் வேறுபடலாம். கப்பலின் நேரத்தையே கைக்கடிகாரத்தில் வையுங்கள். 'ரோம்' என்று அச்சடித்த துறைமுகம் உண்மையில் சிவிதாவெக்கியா. ரோமுக்கு அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் ஆகும். 'புளோரன்ஸ்' என்று போட்டிருப்பது லிவோர்னோ. அங்கிருந்து பீசா பக்கம், புளோரன்ஸ் தூரம். நேப்பிள்ஸில் கப்பலிலிருந்து நடந்தே நகருக்குள் போய், உள்ளூர் ரயிலில் பொம்பெயி பார்த்துத் திரும்பலாம். ஏதென்ஸுக்குப் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து மெட்ரோ இருக்கிறது. பார்சிலோனா, ரோம், நேப்பிள்ஸ் மூன்றிலும் பிக்பாக்கெட் தொல்லை அதிகம்; பையை முன்பக்கம் மாட்டுங்கள்.

முதல் பயணமே அங்கே வேண்டாம். பேச்சுத் துணையும் கோயிலும் சோறும் இருக்கும் காங்கேசன்துறையில் ஒருமுறை இறங்கி, வண்டி பேசி, நேரத்துக்குத் திரும்பி ஏறிப் பழகுங்கள். அதற்கு முதல் வேலையாக, இன்று இரவே பீரோவைத் திறந்து உங்கள் கடவுச்சீட்டு எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று எடுத்துப் பாருங்கள்.